தவளை காரின் பைலட் புஷ்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து மேல்காற்று. பட்டறைக்குள் ஒரே புழுதி. பிரித்து வைத்திருந்த கார்புரேட்டரைச் சாக்கு போட்டு மூட வேண்டியதாயிற்று.

பத்து மணிக்கு, பாசன இன்ஜினியராக இருந்து ரிட்டயர்டான ரெத்தினம் சாருடைய கார் லாரியில் வந்து இறங்கியது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. முன்விளக்கு இரண்டும் பானெட் மேல் துருத்திக்கொண்டிருக்கும். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் தவளை. தஞ்சாவூரில் அந்த மாதிரி அது ஒன்றுதான். பதினெட்டு வருடமாக என் கை மட்டும்தான் பட்ட வண்டி. இப்போது இரண்டு வருடமாக ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்திருக்கிறது. சீட்டை எலி கடித்திருக்கிறது.

சார் வரவில்லை. மகன் முரளி சென்னையிலிருந்து போன் செய்தான்.

"பாய், கோயம்புத்தூர்ல ஒருத்தர் வண்டியக் கேக்குறாரு. அடுத்த சனிக்கிழமை வந்து பாக்குறேன்னுருக்காரு. ஸ்டார்ட் ஆகுது. கியர்தான் விழ மாட்டேங்குது, கர்ருங்குது. அதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"அவரு அந்த வண்டிப் பேச்சையே எடுக்குறதில்ல பாய்."

எடுக்க மாட்டார். இரண்டு வருடம் முன்னால், இதே குறுவை நடவு சமயம். சாலியமங்கலம் தாண்டி ரயில்வே கேட். மூடியிருந்தது. முன்னால் ஒரு லோடு வேன், அதன் பின்னால் மொபெட்டைப் பிடித்தபடி ஒரு அம்மா, அவருக்குப் பின்னால் சாருடைய தவளை. ரயில் போய்விட்டது, கேட்டைத் தூக்கப் போகிறார்கள் என்று சார் கியரைப் போட்டிருக்கிறார். வண்டி பாய்ந்துவிட்டது. தாழ்ந்த வண்டி, பம்பர் நேராக முழங்கால் உயரம். அந்தம்மாவின் வலது முட்டி பம்பருக்கும் வேனுக்கும் நடுவில் நசுங்கியது. பெயர் வசந்தா. நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர்.

சார் அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னது ஒன்றேதான். "நான் கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்." யாரும் நம்பவில்லை. பிரேக் நன்றாக இருந்தது. அவருக்கு வயது அறுபத்தொன்பது. கால் தடுமாறியிருக்கும் என்றார்கள். கோர்ட்டில் தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டார். சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார்.

அப்போது முரளி எனக்கும் போன் செய்தான். வண்டியில் ஏதாவது கோளாறு இருக்குமா பாய் என்று. நான் சொன்னது: "இருக்காது தம்பி. நான் போட்டுக் குடுத்தது."

மதியம் பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கிளட்ச்சை அடிவரை மிதித்தேன். முதல் கியரைத் தள்ளினேன். கர்ர். விழுந்தது. மிதித்த கால் மிதித்தபடி இருக்கிறது. சக்கரம் சுற்றுகிறது.

கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கும். நின்றுபோன வண்டியில் சகஜம். அதுவாகத்தான் இருக்கும்.

நாளைக்கு: இன்ஜினைத் தூக்கச் செயின் பிளாக். இன்ஜின் ஆயில் வடிக்க. லூர்துவைக் கூப்பிட. வீட்டுக்காரி நூருக்குத் தைராய்டு மாத்திரை.

ஜூலை 4, வெள்ளி

காற்று விடவில்லை.

இந்த வண்டியில் கியர்பாக்ஸ் தனியாக இறங்காது. இன்ஜினோடு சேர்த்து மேலே தூக்க வேண்டும். பக்கத்து லேத் பட்டறை லூர்து வந்தான். என் வயதுதான், ஐம்பத்தெட்டு. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பெஞ்சில் வைத்தோம். ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் பிரித்துவிடலாம் என்று நினைப்பு.

போல்ட் எல்லாம் கழற்றியும் கியர்பாக்ஸ் பிரியவில்லை. அசைத்தோம். மரக்கட்டை கொடுத்துத் தட்டினோம். ஒரு விரற்கடை வந்தது, நின்றது. லூர்து இரண்டு கடப்பாரையை எதிரெதிரே கொடுத்து நெம்பினான். டப்பென்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

கிளட்ச் பிளேட் ஒட்டவில்லை. சுத்தமாக இருக்கிறது.

கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கில் பைலட் புஷ் இறுகிக் கிடக்கிறது, வீங்கிய விரலில் மோதிரம் மாதிரி. கிராங்க்கில் இருக்க வேண்டியது, மூக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. சூடேறி நீலம் பாய்ந்திருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் இதை. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்நுனியில் ஒரு குழி. குழிக்குள் இந்த வெண்கல வளையம். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கு வளையத்துக்குள் உட்காரும். கிளட்ச்சை மிதித்தால் இன்ஜின் சுற்றும், மூக்கு நிற்கும். வளையம் மூக்கைக் கவ்விக்கொண்டால்? கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் கியர்பாக்ஸையும் சேர்த்தே சுற்றும். கியரைப் போட்டால் வண்டி போகும்.

லூர்து கையில் வாங்கிப் பார்த்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தான்.

"இது நான் கடைஞ்சதுல்ல?"

"ஆமா."

"அடிச்சு எறக்குனப்புறம் ரீமர் விட்டுத் துளைய விரின்னு சொன்னேனே பஷீரு. குழிக்குள்ள எறங்குனா துளை சுருங்கும்னு சொன்னேன். விட்டியா?"

நான் கடப்பாரைகளை எடுத்துச் சுவரில் சாய்த்தேன்.

"விட்டியா?"

"விடல."

ஷாஃப்ட்டை மெதுவாகப் பெஞ்சில் வைத்தான். "அந்த ரயில்வே கேட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு, "நான் எதையும் பாக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜும்ஆவுக்குப் போனேன். குத்பா உரையில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. பக்கத்தில் நின்றவர் சலாம் கொடுத்ததுகூடத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஜூலை 5, சனி

பட்டறை திறந்தேன். வேலை செய்யவில்லை. சென்னைக்குப் போன் போட்டுப் புது புஷ் சொன்னேன். ஒரிஜினல்தான் வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். கடைக்காரர் "தெரியுது பாய், தெரியுது" என்றார்.

அந்த நாளை எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் நானே மாற்றிவிடுவேன்.

விபத்துக்கு முந்தின டிசம்பர். மறுநாள் மகள் ஷபானாவுக்கு நிக்காஹ். அதிராம்பட்டினத்தில் மண்டபம். மாப்பிள்ளை வீடும் அங்கேதான். நான் மதியமே கிளம்பியிருக்க வேண்டும். சார் ஞாயிற்றுக்கிழமை திருவாரூரில் பழைய வண்டிகள் கூடுகிற இடத்துக்குத் தவளையைக் கொண்டு போக ஆசைப்பட்டார். பழைய புஷ் தேய்ந்து மூக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஒரிஜினல் வரவில்லை. லூர்து கட்டி வெண்கலத்தில் கடைந்து கொடுத்தான், அளவு சரி. ரீமரை எடுத்துப் பெஞ்சில்கூட வைத்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பந்தல்காரர், நூர், மாப்பிள்ளையின் பெரியத்தா, மறுபடி நூர்.

கியர்பாக்ஸை மாட்டும்போது அது போகவில்லை. கடைசி அரை அங்குலம் நின்றது. அப்போதே தெரியும். முப்பத்தைந்து வருடம் இந்த வேலை. கைக்குத் தெரியாமல் இருக்குமா? கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். நான் சுற்றிலும் நாலு போல்ட்டைப் போட்டு, ஸ்பேனரால் மாற்றி மாற்றி இறுக்கி, உள்ளே இழுத்தேன். யார் செய்தாலும் திட்டுகிற காரியம். துபாயில் இதற்காக ஒரு மலையாளி மெக்கானிக்கை வேலையை விட்டே போகச் சொன்னவன் நான்.

ஓடியது. சார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார், அதனால் ஏழு மாதம் தாங்கியிருக்கிறது. ஜூலையில் கவ்வியிருக்கிறது.

நிக்காஹ் நன்றாக நடந்தது.

ஜூலை 6, ஞாயிறு

புது புஷ் பஸ் பார்சலில் வந்தது. நுண்துளை வெண்கலம், எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும் ரகம். டம்ளரில் இன்ஜின் ஆயில் ஊற்றி மூழ்கப் போட்டேன். குமிழ் வந்துகொண்டே இருந்தது.

பழைய ரிப்பேர் புத்தகம் வேண்டும் என்று சாக்கு வைத்துச் சார் வீட்டுக்குப் போனேன். புத்தகம் எனக்கு மனப்பாடம்.

சாருடைய மனைவி பத்மா அம்மாதான் கதவைத் திறந்தார். சார் உள்ளே இருந்து வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாய்க்கால் கரையில் என்னை ஓட வைத்து முன்னால் நடந்த மனுஷன், இரண்டு வருடத்தில் இப்படி.

"வாங்க பாய். வண்டி எப்படி இருக்கு?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார். உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அதான் பிரச்சினையே." சிரித்தார். "நரம்பு டெஸ்ட் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. காலு நல்லா இருக்குங்குறாங்க. நல்லா இருக்குற காலு எப்படிங்க மிதிக்காம இருக்கும்? மிதிச்சேன்னு எனக்கு அவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்கு. அப்ப கோளாறு இங்கதான்." நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

காப்பி வந்தது. குடிக்க முடியவில்லை. குடித்தேன்.

கிளம்பும்போது பத்மா அம்மா வாசல்வரை வந்தார். "முரளி கொழந்தை போன மாசம் வந்திருந்துச்சு பாய். தூக்கவே மாட்டேன்னுட்டாரு. எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. வித்துட்டா அந்த நெனப்பாவது போவுதான்னு பாப்போம்."

சொல்லவில்லை. புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

புஷ் போட்ட நாள். வரிசையாக எழுதுகிறேன்.

கிராங்க் குழி: துணி சுற்றித் துடைத்தேன். கீறல் இல்லை. மூன்று இடத்தில் அளந்தேன். பிழைத்தது.

ஷாஃப்ட் மூக்கு: பழைய புஷ்ஷை வாளால் அறுத்துப் பிளந்து எடுத்தேன். மூக்கில் வெண்கலம் அப்பியிருந்தது. தண்ணீர் எமரித் தாளில் எண்ணெய் தொட்டு, பட்டை மாதிரி சுற்றிச் சுற்றி இழுத்தேன். ஒன்றரை மணி நேரம். அடியில் இரும்பு நல்லபடியாக இருந்தது. அளவும் சரி.

தண்டு: புஷ்ஷை அடித்து இறக்கப் படி வைத்த தண்டு வேண்டும். நுனி, மூக்கின் அதே அளவு, பளபளப்பாக. அது உள்ளே இருந்தால் துளை சுருங்காது. லூர்துவிடம் அளவு எழுதிய சீட்டைக் கொடுத்தேன். வாங்கினான். மத்தியானம் செய்து கொண்டுவந்து வைத்தான். அவன் செய்த வேலைகளிலேயே இது அழகு.

புஷ்ஷை எண்ணெயிலிருந்து எடுத்தேன். துளையில் எண்ணெய் நிரப்பி இரு பக்கமும் விரலால் அழுத்தினால் வெளிச்சுவரில் வேர்வை மாதிரி எண்ணெய் கசிந்தது. குடித்திருக்கிறது. தண்டில் மாட்டி, குழி வாயில் நேராக நிறுத்தி, செப்புச் சுத்தியால் தட்டினேன். அவசரமில்லாமல். கோணல் பார்த்து, மறுபடி. பன்னிரண்டாவது தட்டில் சத்தம் கனத்தது. உட்கார்ந்துவிட்டது. தண்டை இரண்டு விரலால் திருப்பினேன், திரும்பியது. உருவினேன், வந்தது.

கிளட்ச்சை நடுப்படுத்தி மாட்டினேன். கியர்பாக்ஸைச் செயினில் தொங்கவிட்டு உள்ளே விட்டேன். கடைசி அரை அங்குலம். நிற்கவில்லை. உள்ளங்கையால் தள்ளினேன், போய் ஒட்டிக்கொண்டது. போல்ட்டை விரலாலேயே முடுக்கினேன்.

மொத்தம் ஒரு நாள் வேலை. அன்றைக்குச் செய்திருந்தால் ரீமருக்குக் கூடுதலாக இருபது நிமிடம்.

சாயங்காலம் நூரிடம் சொன்னேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"லூர்துக்கு."

"அவரு சொல்ல மாட்டாரு." தழையைக் கீழே வைத்துவிட்டு, "வேணாங்க. ஷபானா மாமியார் வீட்டுல என்ன நெனப்பாங்க? பட்டறைக்கு எவன் வருவான்?" என்றாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான்தானே அன்னைக்கு அத்தனை தடவை போன் அடிச்சேன்."

"நீ போன்தான் அடிச்சே. ஸ்பேனர் என் கையில இருந்துச்சு."

ஜூலை 8, செவ்வாய்

முரளியிடம் சொன்னேன், போனில். முழுசாக. அவன் முதலில் கேட்டது:

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா பாய்?"

"இன்னும் இல்ல தம்பி."

"சொல்லாதீங்க. இப்பதான் அடங்கி வீட்டுல இருக்காரு. தப்பு தன் மேல இல்லைன்னு தெரிஞ்சா மறுபடி சாவியக் கேப்பாரு. எழுபத்தோரு வயசு பாய். ரோடு இப்ப எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். வண்டி போயிடட்டும். உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

கத்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. நல்ல பிள்ளை.

போனை வைத்ததும் உடம்பு லேசானது. மகனே சொல்லிவிட்டான், அதற்கு மேல் நான் யார் என்று. ஆறிப்போன டீயைக் குடித்தேன், ருசியாக இருந்தது. அரை மணி நேரம் அப்படி இருந்தேன். அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

பிறகு சார் நெற்றியைத் தொட்டுக் காட்டியது கண்ணில் வந்தது. பிளந்த புஷ் துண்டுகளைத் தேடி எடுத்து வைத்தேன்.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன்.

பதினோரு மணி. பிளந்த புஷ்ஷின் இரண்டு துண்டையும் கர்ச்சீப்பில் கட்டி எடுத்துப் போனேன். சார் ஜன்னல் ஓரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். முப்பது வருடம் மதகும் ஷட்டருமாக வேலை பார்த்த இன்ஜினியர். நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் மிச்சத்தை அவரே முடித்தார்.

"அப்ப கிளட்ச்சை மிதிச்சாலும் ஷாஃப்ட் சுத்தும்."

"ஆமா சார்."

"கியரைப் போட்டா வண்டி போகும்."

"போகும் சார்."

துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீலம் பாய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார்.

"போடும்போதே டைட்டா இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன்.

"தெரிஞ்சுது சார். கழத்தி ரீமர் விட்டிருந்தா இருபது நிமிஷந்தான் ஆயிருக்கும்."

"முரளி அன்னைக்கு உங்ககிட்ட கேட்டான்."

"கேட்டாரு சார்."

அதற்கு மேல் கேட்கவில்லை. வேட்டியைக் கொஞ்சம் தூக்கி இடது காலைப் பார்த்தார். பாதத்தைத் தரையில் அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார். ஐந்தாறு தடவை. பத்மா அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

"ரெண்டு வருஷம்" என்றார். "என் பேத்திய ஒரு தடவை தூக்கல பாய். போட்டுருவேன்னு. மாடிக்குப் போறதில்ல. கடைத்தெருவுக்குப் போறதில்ல. புத்தி பேதலிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சு உயில்கூட எழுதி வச்சிட்டேன்." குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "இருபது நிமிஷ வேலை! போங்க. வெளிய போங்க பாய். இப்ப என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

வந்துவிட்டேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதித் தெரு வந்த பிறகுதான் பார்த்தேன். சாருடைய செருப்பு. திரும்பிப் போய் வைத்துவிட்டு வர தைரியம் இல்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 10, வியாழன்

தூறல். காற்று அடங்கிவிட்டது.

இன்ஜினை இறக்கிப் பொருத்தினேன். லூர்து கேட்காமலே வந்து பிடித்தான். ஸ்டார்ட். கிளட்ச். முதல் கியர், சத்தமே இல்லை. ரிவர்ஸ், சத்தமே இல்லை. இப்படி விழுந்தால் எப்போதும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். வரவில்லை.

நாலு மணிக்குச் சார் போன்.

"அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான் சார் சொல்லணும்."

"நானும் வர்றேன். நான் குடிச்சிட்டு ஓட்டுனேன்னு அந்த ஊர்ல பேச்சு. ஆஸ்பத்திரியில என் காது படவே சொன்னாங்க. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. மூணு பிரதி. ஒண்ணு வக்கீலுக்கு." பிறகு, "என்ன வரும்னு எனக்குத் தெரியாது பாய். உங்களுக்கு எதுவும் வரலாம்" என்றார்.

சரி சார் என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். பத்து வரி. ஐந்து தடவை கிழித்தேன். 'கவனக்குறைவாக' என்று எழுதி அடித்துவிட்டு, 'தெரிந்தே' என்று எழுதினேன். நூர் படித்தாள். "நான் அவசரப்படுத்துனதையும் எழுதுங்க" என்றாள். எழுதவில்லை. ஷபானாவிடம் அவளே போனில் சொல்லியிருக்கிறாள். ஷபானா என்னிடம் பேசக் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காலை எட்டு மணிக்கு என் வேனில் வசந்தாவின் ஊருக்குக் கிளம்பினோம். சார் பக்கத்தில். வாய்க்காலெல்லாம் தண்ணீர் தளும்பி ஓடுகிறது.

வீட்டில் இல்லை, வயலில் இருக்கிறார் என்றார்கள். ஒரு பக்கத்து வயலில் வடக்கத்தி ஆட்கள் வரிசை கட்டி நட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பெண்கள், பன்னிரண்டு பேர். வரப்பு மேட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வசந்தா. வலது கால் நேராக நீட்டியபடி, அடியில் ஒரு செங்கல். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மல்லிகா, இடைவெளி உடாத" என்று சத்தம்.

சாரைப் பார்த்ததும் முகம் இறுகியது. எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவும் முடியாது.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

சார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். யார் நான், என்ன வேலை, என்ன செய்தேன். கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினேன். வாங்கி, உதடு அசைய ஒரு தடவை படித்தார். திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"சத்தமாப் படிங்க."

"இங்கேயாம்மா?"

"இங்கதான். இவளுவ எல்லாம்தான் சாரு குடிச்சிருந்தாருன்னு சொன்னாளுவ. நானும்தான் சொன்னேன். படிங்க." வயலைப் பார்த்து, "ஏ, செத்த நிமிருங்கடி" என்றார்.

பன்னிரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். கையில் நாற்று, முழங்கால் வரை சேறு. நான் படித்தேன். 'கியர்பாக்ஸ் உள்ளே செல்லவில்லை என்று தெரிந்தே போல்ட்டால் இழுத்தேன்' என்ற வரியையும் விடாமல் படித்தேன். முடித்தேன். பிறகு ஒரு அம்மா, "பாவி" என்றார். சத்தமாக இல்லை. அவ்வளவுதான். ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள்.

வசந்தா சாரிடம், "உங்களப் பத்தி வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன் சார்" என்றார். சார் கையெடுத்துக் கும்பிட்டார். "வண்டி என்னதும்மா. நான்தானே உள்ள இருந்தேன்."

வசந்தா என் பக்கம் திரும்பினார்.

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? சொன்னா என் காலு மடங்கிருமா?"

"மடங்காதும்மா."

"தெரியுதுல்ல."

அந்தப் புஷ் துண்டுகளைக் கேட்டு, சார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாங்கினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத்தனூண்டா" என்றார். திருப்பிக் கொடுக்கவில்லை, முந்தியில் முடிந்துகொண்டார். தாளையும் வாங்கி மடித்து இடுப்பில் செருகினார். வக்கீலைப் பார்க்க வேண்டும் என்றால் பார்ப்பேன் என்றார். பாருங்கம்மா என்றேன்.

திரும்பும்போது அவரே கூப்பிட்டார்.

"என் மொபெட்டு மாமரத்தடியில கெடக்கு. பின் பிரேக்கு வலது காலுல மிதிக்கணும். முட்டி மடங்காம எப்படி மிதிக்குறது? யாரு வண்டியிலயாவது தொத்திக்கிட்டு வயலுக்கு வர்றேன். அத கைக்கு மாத்த முடியுமா?"

"முடியும்மா. நாளைக்கே மாத்தித் தர்றேன்."

"நீங்க வேணாம்." தலையை அசைத்தார். "இதக் கடைஞ்சவரு ஒருத்தர் இருக்காருன்னு எழுதியிருக்கீங்கல்ல. அவரு கடைஞ்சது சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப அவரு மாத்தட்டும். நீங்க கை வச்சா நான் ஏற மாட்டேன்."

ஜும்ஆவுக்குத் தாமதம். கடைசி வரிசையில் வெயிலில் நின்றேன்.

ஜூலை 12, சனி

வெயில். கோயம்புத்தூர்காரர் வரவில்லை. சார் விற்பனையை நிறுத்திவிட்டார். முரளி போன் செய்து, "திருப்திதானே பாய்?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டான். தவளை பட்டறை மூலையில் நிற்கிறது. யார் எடுத்துப் போவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு லோடு ஆட்டோவில் மொபெட் வந்தது. கூடவே வசந்தாவின் அண்ணன். என் பட்டறைக்கு முன்னால் நிறுத்தாமல் லூர்து வாசலில் இறக்கினார்கள். லூர்துவிடம் நேற்றே சொல்லியிருந்தேன். முதலில் பயந்தான். அப்புறம், "என் பேரையும் எழுதுனியா?" என்றான். "சரியாக் கடைஞ்சுக் குடுத்தேன்னு எழுதியிருக்கேன்" என்றேன். சரி என்றான்.

கைப்பிடியில் மாட்டும் பிரேக் லீவர் அவனிடம் இருந்தது. கேபிள் இல்லை. என்னிடம் புதுசு இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டான். ஒன்றே கால் மணி நேரம் வேலை. ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். இப்போது நட்டைக் கழற்றுகிறான். இப்போது கேபிளை நுழைக்கிறான். அந்த இடத்தில் ஒரு வளைவு வரும், கேபிள் பிடிக்கும், இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். சொல்லலாமா என்று எழுந்து, உட்கார்ந்தேன். எண்ணெய்க் குப்பியின் டிக் டிக் கேட்டது.

முடித்துவிட்டு லூர்து எட்டிப் பார்த்தான். "பஷீரு, இங்க வாயேன். எனக்கு இதுல அனுபவம் பத்தாது. லீவரை ஒரு தடவை புடிச்சுப் பாத்து, சரியா இருக்கான்னு சொல்லிடு."

வசந்தாவின் அண்ணன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தொட மாட்டேன்" என்றேன். "நீ ஓட்டிக் காட்டு. நான் இங்கேருந்து பாக்குறேன்."